அம்பாசடர் தானுந்தின் வீட்டுப் பராமரிப்பு

அம்பாசடர் தானுந்தின் வீட்டுப் பராமரிப்பு என்பது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்த அம்பாசடர் வகைத் தானுந்தை, அதாவது காரை, அதன் உரிமையாளரே எளிய கருவிகளைக் கொண்டு பேணுவதும் சிறு பழுதுகளைச் சரிசெய்வதும் ஆகும். 2014 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுவிட்டதால் இவ்வண்டியைத் தொடர்ந்து ஓட்ட விரும்புவோருக்கு இவ்வறிவு தேவையாகின்றது. இக்கட்டுரை 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் பொருத்தப்பட்ட பழைய அம்பாசடர்களைப் பற்றியது. டீசல் வண்டிகளுக்கும், 1990களில் வந்த இசுசு எஞ்சின் வண்டிகளுக்கும் இங்குள்ள அளவுகள் பொருந்தா.

பின்னணி

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உள்ள ஆலையில் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை அம்பாசடர் உற்பத்தியானது. இது பிரித்தானியாவின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைத் தானுந்தின் வடிவமைப்பைக் கொண்டது. அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் பல பத்தாண்டுகள் இதனையே பெரிதும் வாங்கின. அவை கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்தின் வழியே தனியாரிடம் வந்து சேர்ந்தன. வீட்டைச் சுற்றி இடமும் மரநிழலும் உள்ள நெய்வேலி போன்ற நகரியங்களில் இத்தகைய வண்டியை வாசலில் நிறுத்திப் பழுது பார்ப்பது எளிது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அது அவ்வளவு எளிதன்று.

இவ்வண்டியை வீட்டில் பேண முடிவதற்குக் காரணம் அதன் எஞ்சினின் அமைப்பே. தற்கால எஞ்சினில் எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் கணினி தீர்மானிக்கின்றது. அம்பாசடரில் இவற்றை இரண்டு உலோகத் துண்டுகளுக்கு இடையேயான இடைவெளியோ ஒரு திருகோ தீர்மானிக்கின்றன. இடைவெளியைக் கண்ணால் காணலாம். சில நூறு ரூபாய்க் கருவியால் அளக்கலாம். ஆனால் அதே காரணத்தால் அவ்விடைவெளிகள் தேய்மானத்தால் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும், யாரேனும் அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யவேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கருவிகளும் முன்னெச்சரிக்கையும்

இவ்வெஞ்சினின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவில் அமைந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரை ஏறக்குறையப் பொருத்தித் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். 7/16, 1/2, 9/16 அங்குல ரிங் ஸ்பேனர்கள் முதலில் வாங்கவேண்டியவை. அடுத்தது ஃபில்லர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு. ஒரு பிளக் ஸ்பேனர், கிரீஸ் கன், இரண்டு கம்பிகள் இணைத்த 12 வோல்ட் சிறு பல்பு ஆகியவை இருந்தால் கீழ்க்காணும் பணிகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

ஜாக்கியால் மட்டும் தாங்கப்பட்டிருக்கும் வண்டியின் கீழே ஒருபோதும் செல்லக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கானது, தாங்குவதற்கானது அன்று. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும் என்பதால் அவையும் பயன்படா. இரும்பு ஸ்டாண்டுகள் இல்லையெனில் அப்பணியைத் தள்ளிவைப்பதே சரி.

பழைய அம்பாசடரின் முன்பக்கம் நுழைத்துச் சுழற்றும் கைப்பிடி, பலர் டிக்கியில் போட்டு மறந்துவிட்ட ஒன்று. எஞ்சினை மெதுவாகச் சுழற்றிப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. அதைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கவேண்டும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தால் கைப்பிடி கையிலிருந்து நழுவிவிடும்; கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் எலும்பு முறியும்.

தீப்பொறி அமைப்பு

காலையில் கிளம்ப மறுக்கும் பழைய வண்டியில் முதலில் பார்க்கவேண்டிய இடம் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியைத் திறந்தால் உள்ளே சி.பி. பாயிண்ட் என்று பழுதுபார்ப்போர் அழைக்கும் தொடுமுனைகள் தெரியும். அவை மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாய்கின்றது. திறக்கும் கணத்தில் அவ்வோட்டம் அறுபட்டு, இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்பட்டு ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியாகின்றது. எனவே தொடுமுனை திறக்கும் நேரமே தீப்பொறியின் நேரமாகும்.

தொடுமுனைகள் முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை (0.36 – 0.41 மி.மீ.) இருக்கவேண்டும். ஃபில்லர் கேஜின் தகடு இலேசான உராய்வுடன் நுழைந்து வெளிவரவேண்டும். தொடுமுனையின் முகம் கருகியிருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் தூய துணியால் துடைக்கலாம். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக அடிக்கடி உருவானால் தொடுமுனையை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. அருகிலுள்ள கண்டன்சரையும் மாற்றவேண்டும். எஞ்சின் சூடேறிய பின் மட்டும் தடுமாறி நின்று, ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும் வண்டிகளில் கண்டன்சர் அல்லது காயில் காரணமாக இருப்பதுண்டு.

தொடுமுனை இடைவெளி அகலமானால் அது முன்னதாகவே திறக்கும், தீப்பொறியும் முந்தும். குறுகினால் பிந்தும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகே நேரம். இவ்வரிசையை மாற்றிச் செய்து ஒரு நாள் முழுவதையும் வீணாக்கியவர்கள் பலர் (இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர்).

நேரத்தைச் சரிபார்க்க மேற்சொன்ன பல்பு போதும். முதலாம் சிலிண்டர் அழுத்த நிலையில் இருக்குமாறு எஞ்சினைச் சுழற்றி, கப்பியிலுள்ள குறியைக் கையேட்டில் கூறப்பட்ட கோணத்தில் நிறுத்தவேண்டும். பல்பின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் தாழ் மின்னழுத்த முனையிலும் மற்றதை வண்டியின் உடலிலும் இணைத்துச் சாவியைத் திருப்பவேண்டும். தொடுமுனை மூடியிருந்தால் பல்பு எரியாது; திறந்த கணத்தில் எரியும். ரோட்டார் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழல்வதால், டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை முதலில் இடஞ்சுழியாகத் திருப்பி பல்பை அணைத்து, பின் மெல்ல வலஞ்சுழியாகத் திருப்பி அது எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்கவேண்டும். தீப்பொறி வரிசை 1-3-4-2. பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

பேட்டரியைக் கழற்றும் முன் எந்த முனை உடலுடன் இணைக்கப்பட்டுள்ளது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பழைய பிரித்தானிய வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலுடன் இணைந்திருக்கும். பழக்கத்தில் எதிர்முனையை இணைத்துவிட்டால் மின்னணுக் கருவிகள் அக்கணமே கெடும்.

வால்வு இடைவெளியும் ஈயமும்

வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி தேவை. சூட்டில் உலோகம் நீளும்போது வால்வு முழுமையாக மூடுவதற்கு அந்த இடம் வேண்டும். பழுதுபார்ப்போர் இதனை டேப்பெட் என்று சுருக்கமாகக் கூறுவர். இவ்வெஞ்சினில் அது சுமார் 0.015 அங்குலம் (0.38 மி.மீ.). எஞ்சின் சூடாக உள்ளபோதா குளிர்ந்தபோதா அளப்பது என்பதை அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும்.

எட்டு வால்வுகளையும் ரேடியேட்டர் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டால் ஓர் எளிய கணக்கு உதவும். எட்டாம் வால்வு முழுமையாகக் கீழிறங்கியிருக்கும்போது முதலாம் வால்வைச் சரிசெய்யலாம். ஆறாவது இறங்கியிருக்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் தவறாது.

டிக் டிக் என்ற ஒலி கேட்டால் பலர் இடைவெளியைக் குறைத்துவிடுகின்றனர். இது தவறு. அகன்ற இடைவெளி சத்தமிடும், சிறிது திறன் குறையும், அவ்வளவே. குறுகிய இடைவெளி சத்தமே போடாது. வால்வு அதன் இருக்கையில் முழுமையாக அமராமல் எரிவாயு கசிந்து, வெளியேற்று வால்வின் விளிம்பு கருகிப் போகும்.

அமைதியாகிக்கொண்டே வரும் டேப்பெட்டுக்கு மற்றொரு பொருளும் உண்டு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. நகரக் காற்றுக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் அது பெரும் நன்மை. ஆனால் பழைய எஞ்சின்களில் வெளியேற்று வால்வின் இருக்கை, வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேராகக் கடையப்பட்டது. ஈயத்தின் மெல்லிய படிவு அவ்விருக்கையைத் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது. அப்படிவு இல்லாதபோது, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் விரைந்து செல்லும் வண்டிகளில் வால்வு சிறிது சிறிதாக இருக்கைக்குள் புதைகின்றது. வால்வு புதையும் அளவுக்குத் தண்டு மேலேறுவதால் டேப்பெட் இடைவெளி குறைகின்றது. ஒவ்வொரு முறையும் அளவைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், வெளியேற்று வால்வுகளில் மட்டும் இடைவெளி தொடர்ந்து குறைந்து வருவதைக் கண்டுபிடிக்கலாம். அப்போது ஹெட்டைக் கழற்றி, கடினமாக்கப்பட்ட இருக்கை வளையங்களைப் பொருத்தவேண்டும். அது கடைசல் பட்டறையின் வேலை. வீட்டில் செய்யக்கூடியது அன்று.

எரிபொருள் அமைப்பும் எத்தனாலும்

இன்று பழைய வண்டிக்கு மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி இதுவே. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2022 இல் 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில நிலையங்களில் விற்பனைக்கு வந்து, 2025 இல் நாடு முழுவதும் பொதுவானது. அந்த எத்தனாலின் ஒரு பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வருகின்றது. கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தம் ஊர்ப் பயிரே எரிபொருளாவது மகிழ்ச்சி தரலாம். அம்பாசடர் வடிவமைக்கப்பட்ட காலத்திலோ அத்தகைய எரிபொருளை எவரும் கருத்தில் கொள்ளவில்லை.

இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது கலவையின் விகிதம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 கிலோ போதும். கணினி உள்ள வண்டி இதனை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அத்திறன் இல்லாததால் கலவை மெலிந்துவிடும். முடுக்கும்போது வண்டி திணறுவதும், கார்புரேட்டர் வழியே எதிர் வெடிப்பு வருவதும், பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இல்லாமல் வெளுத்துக் காணப்படுவதும் இதன் அடையாளங்கள். கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள கலவைத் திருகைத் திருப்பினால் நிறுத்தத்தில் மட்டுமே சரியாகும். ஓட்டத்தில் சரியாகவேண்டுமானால் ஒரு படி பெரிய முதன்மை ஜெட்டை மாற்றவேண்டும்.

இரண்டாவது நீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியில் நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகின்றது. நீண்ட நாள் நிறுத்திவைக்கும் முன் கார்புரேட்டரின் கிண்ணத்தை வடித்துவிடுவது வழக்கமாகவேண்டும். மேலும், பழைய தொட்டியில் பல்லாண்டு படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். முதல் சில மாதங்களில் வடிகட்டி அடிக்கடி அடைபட்டால் அதற்கு இதுவே காரணமாகலாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பழைய வகை ரப்பர் குழாய்களும் டயாஃப்ரம்களும் எத்தனாலில் ஊறி வீங்கும், அல்லது வெடிப்பு விடும். அம்பாசடர் எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கித் தொகுதியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே கசியும் பெட்ரோல் கீழே சூடான இரும்பின் மீது விழும். அத்துளி ஆவியாகிப் போகலாம்; அருகில் ஒரு மின்பொறி இருந்தால் தீப்பற்றலாம். ஆகவே எரிபொருள் குழாய் ஒவ்வொன்றையும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோகார்பன் ரப்பர் உட்பூச்சுக் கொண்டதாக மாற்றிவிடவேண்டும். குழாயின்மீது எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்ற தரக்குறி உள்ளதா என்று பார்த்து வாங்கலாம். கிளிப்புகளையும் புதிதாக்கவேண்டும். இவ்வெல்லாவற்றின் செலவும் ஒரு டயரின் விலையைவிடக் குறைவு.

பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை இழுப்பது எஞ்சினால் இயக்கப்படும் டயாஃப்ரம் பம்பு. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் வெளியே கசிவது ஒருபுறம் இருக்க, பெட்ரோல் உட்புறமாக எஞ்சின் எண்ணெயிலும் கலக்கலாம். எண்ணெய் அளவுக் குச்சியை எடுக்கும்போது அளவு கூடியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் மணம் வீசினாலோ எஞ்சினை இயக்கக் கூடாது. வாரம் ஒரு முறை குச்சியை எடுத்து முகரும் பழக்கம் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். பெட்ரோல் தீயில் நீர் ஊற்றக் கூடாது. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும், டிக்கியில் அன்று.

பிரேக்

பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. தொடக்கக்கால வண்டிகளின் நீரழுத்த அமைப்பு ஒற்றைச் சுற்று கொண்டது. எந்த ஒரு சக்கரத்தின் சிலிண்டர் கசிந்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே போய்விடும். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தென்பட்டால் அன்றே கவனிக்கவேண்டும். பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் சேர்ந்த எண்ணெய் மலைப்பாதையில் சூடேறிக் கொதித்தால் மிதி தரையைத் தொடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றவேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. அது ரப்பர் கப்புகள் அனைத்தையும் ஊதச் செய்து அமைப்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

ஏர் எடுத்தல் எனப்படும் காற்றுநீக்கத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றவேண்டும். திருகை இறுக்கும் வரை மிதியை விடக் கூடாது. டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதுவதோ உலர்ந்த தூரிகையால் தட்டுவதோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருப்பதால் அத்தூள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது. நீரில் நனைத்துத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி எறியவேண்டும். பிரேக் வேலையைத் தனியே முதன்முறை செய்பவர், அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு சரிபார்த்த பின்னரே சாலையில் ஓட்டவேண்டும்.

பிற பணிகள்

எஞ்சின் எண்ணெய் 20டபிள்யூ-50 வகை, சுமார் 4 லிட்டர். தற்கால வண்டிகளுக்கான எண்ணெய்களில் துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மத்தின் அளவு குறைக்கப்பட்டுள்ளது. பழைய வகைக் காம்சாஃப்ட்டுக்கு அது தேவை என்பதால் விலையுயர்ந்த புது எண்ணெய் எப்போதும் நல்லதன்று. எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீலுக்குப் பதிலாகத் திருகுப்பள்ளமே எண்ணெயைத் தடுப்பதால், நின்ற இடத்தில் சில சொட்டுகள் விழுவது இயல்பு.

முன்பக்கத் தாங்கமைப்பின் கிரீஸ் முனைகள் அனைத்திலும், பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை அடிக்கவேண்டும். ரேடியேட்டரில் உப்புத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் உள்ளே காரை படியும். வாலை வடிநீருடன் கூலண்ட் கலந்து ஊற்றுவதே சரி. நெய்வேலியைப் போல் திறந்தவெளிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் அருகிலிருக்கும் ஊர்களில் காற்று வடிகட்டியைக் கையேடு கூறுவதைவிடப் பாதிக் காலத்திலேயே தூய்மை செய்துவிடலாம்.

உதிரிப் பாகங்கள்

அம்பாசடர் நின்றுவிட்டாலும் பாகங்கள் அருகிவிடவில்லை. லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையிலும் தேடிப் பெறலாம். சென்னை பாடியில் 1961 இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், 1962 இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா ஆகிய நிறுவனங்களின் வழியே இத்தகைய மின், பிரேக் பாகங்கள் தமிழ்நாட்டிலேயே உருவாகி வந்துள்ளன. பிரேக் கப், டயாஃப்ரம், குழாய் ஆகிய ரப்பர் பொருட்களை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் ரப்பர் முதுமையடையும்.

பதிவு

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயாக்கப்பட்டது. 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவிலேயே உள்ள வண்டிகளை 2021 இல் வெளியான விதிகளின்படி பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். ஆனால் அவ்வாறு பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. நாள்தோறும் கடைத்தெருவுக்கு ஓட்டிச் செல்ல விரும்புவோர் வழக்கமான பதிவையே புதுப்பித்துவரவேண்டும். எஞ்சினை வேறு வகைக்கு மாற்றியவர்கள் அதனைப் பதிவுச் சான்றிதழிலும் ஏற்றியிருக்கவேண்டும். இல்லையெனில் ஆய்வின்போது எண் பொருந்தாமல், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் எழும்.